தகடும் குழாயும்: முதல் லேசர் இயந்திரம் வாங்குவோருக்கு

லேசர் இயந்திரம் வாங்க நினைக்கும் பட்டறைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோவாட் எடுக்கலாம்?" என்பதுதான். விற்பனையாளர் உடனே ஓர் அட்டவணையை நீட்டுவார். மூன்று கிலோவாட் என்றால் இத்தனை மில்லிமீட்டர் எம்.எஸ்., ஆறு என்றால் இத்தனை, பன்னிரண்டு என்றால் இத்தனை. அட்டவணையில் பொய் இருக்காது. ஆனால் அதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் உங்களுக்குப் பொருந்தாத இயந்திரம் வந்து இறங்கக்கூடும்.

அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வெட்டிய துண்டு உங்கள் பட்டறையில் அடுத்து எங்கே போகிறது? பிரஸ் பிரேக்கில் வளைக்கவா, வெல்டிங்குக்கா, டேப் போடவா, பவுடர் கோட்டிங்குக்கா? லேசரின் லாபம் வெட்டும் மேசையில் கொஞ்சம்தான் தெரியும். அடுத்த மேசையில்தான் முழுதாகத் தெரியும். வாயு, வாட், குழாய், மென்பொருள் என்று இந்த அத்தியாயத்தில் எதைப் பேசினாலும் அந்த அடுத்த மேசையை மனத்தில் வைத்தே படியுங்கள்.

ஒளி வெட்டும் விதம்

மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1964-இல் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். 1967-இல் இங்கிலாந்தின் வெல்டிங் ஆய்வு நிலையத்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட், லேசர் கதிரோடு ஆக்சிஜனையும் சேர்த்துப் பாய்ச்சி எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். இன்றைய இயந்திரமும் அதே ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. ஒளி உலோகத்தை உருக்குகிறது; நாஸிலிலிருந்து பாயும் வாயு உருகியதைக் கீழே தள்ளுகிறது.

பழைய கார்பன் டை ஆக்சைடு இயந்திரத்தில் ஒளியின் அலைநீளம் 10.6 மைக்ரான். அந்த ஒளியைக் கண்ணாடிக் கம்பிக்குள் அனுப்ப முடியாது. ஆடிகளை வரிசையாக வைத்து வெட்டுத்தலை வரை கொண்டுவர வேண்டும். ஆடிகளைத் துடைப்பதும் நேர்படுத்துவதுமே ஒரு தனி வேலையாக இருந்தது. இன்றைக்குச் சந்தையை நிரப்பியிருக்கும் ஃபைபர் லேசரின் அலைநீளம் சுமார் 1.07 மைக்ரான். இட்டெர்பியம் கலந்த கண்ணாடி இழையிலேயே ஒளி பிறந்து, இன்னோர் இழை வழியாக நேரே தலைக்கு வந்துவிடுகிறது. நடுவில் ஆடி இல்லை. உலோகமும் இந்தக் குறுகிய அலையை நன்றாக உறிஞ்சுகிறது. அதனால் மெல்லிய தகட்டில் வேகம் பல மடங்கு. கரண்டிலும் பெரிய வித்தியாசம் உண்டு. பழைய வகையில் உள்ளே போகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே ஒளியாக வரும். ஃபைபரில் மூன்றில் ஒரு பங்கு வரை வரும்.

வெட்டின் அகலம், அதாவது கெர்ஃப், மெல்லிய தகட்டில் 0.1 முதல் 0.3 மி.மீ. பிளாஸ்மாவில் இது ஒன்றரை மி.மீ.க்கு மேல் போகும். இந்தச் சிறிய எண்தான் குழாயைக் குழாய்க்குள் நுழைத்துப் பூட்ட வழி திறந்துவிட்டது. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

எல்லா வேலைக்கும் லேசர்தான் என்று நினைக்கவும் வேண்டாம். 50 மி.மீ. பிளேட்டுக்கு கேஸ் கட்டிங்தான் இன்றும் சிக்கனம். கட்டுமான எஃகில் 25 மி.மீ.க்கு மேல் நிறைய வேலை இருந்தால் பிளாஸ்மா நன்றாக உழைக்கும். ஒரே தகட்டில் ஆயிரக்கணக்கில் சிறு துளைகளும், லூவர் போலப் புடைத்த வடிவங்களும் வேண்டுமென்றால் டரெட் பஞ்சை விட்டுவிடக் கூடாது. கம்பியை நேராகத் துண்டு போட பேண்ட்சா போதும்.

வாயுவில்தான் பணம் இருக்கிறது

இயந்திரத்தின் விலையைப் பல மாதம் பேரம் பேசுகிறவர்கள் வாயுவைப் பற்றி ஒரு நாள்கூட உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. ஓட்டுச் செலவில் பெரிய பங்கை வாயுதான் எடுத்துக்கொள்ளும்.

எம்.எஸ்.ஸுக்கு ஆக்சிஜன் என்பது பழைய வழி. ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்து எரிந்து தானும் வெப்பம் தருகிறது. அதனால் குறைந்த வாட்டிலேயே தடித்த பிளேட்டை வெட்டலாம். அழுத்தமும் ஒரு பார் அளவில் இருந்தால் போதும். நாஸில் சிறியதாக இருப்பதால் மணிக்கு ஒன்றிரண்டு கனமீட்டர்தான் செலவாகும். 7 கனமீட்டர் சிலிண்டர் ஒன்று பல மணி நேரம் வரும்.

நைட்ரஜன் எரிக்காது, தள்ள மட்டும் செய்யும். ஆகவே அழுத்தம் 10 பாருக்கு மேல் வேண்டும். 2 மி.மீ. நாஸிலில் 14 பார் வைத்தால் மணிக்குச் சுமார் 30 கனமீட்டர் பறந்துவிடும். அதே 7 கனமீட்டர் சிலிண்டர் இடைவிடாத வெட்டுக்குக் கால் மணி நேரம்தான் தாங்கும். எஸ்.எஸ். வேலை அதிகம் இருக்கிற பட்டறை சிலிண்டரை மாற்றி மாற்றியே சலித்துப்போகும். அவர்கள் டூரா சிலிண்டரில் திரவ நைட்ரஜன் எடுப்பதா, பட்டறையிலேயே நைட்ரஜன் தயாரிக்கும் பி.எஸ்.ஏ. யூனிட் போடுவதா என்று முதல் மாதத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது வழி, காற்று. 16 பார் தரக்கூடிய ஸ்குரூ கம்ப்ரெஸர், நல்ல டிரையர், எண்ணெயைப் பிடிக்கும் ஃபில்டர் வரிசை ஆகியவை இருந்தால் மெல்லிய எம்.எஸ்., ஜி.ஐ., அலுமினியத்தை வெறும் காற்றிலேயே வெட்டலாம். ஃபில்டரில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு துளி எண்ணெய் வெட்டுத்தலைக்குள் போனால் பாதுகாப்புக் கண்ணாடி கருகிவிடும்.

எந்த வாயு என்பதைத் தகட்டைப் பார்த்து முடிவு செய்வது பாதிதான் சரி; அடுத்த மேசையையும் பார்க்க வேண்டும். ஆக்சிஜனில் வெட்டிய விளிம்பில் கருநீலமாக ஓர் ஆக்சைடு படலம் நிற்கும். அதன்மேல் பவுடர் கோட்டிங் அடித்தால் அன்றைக்கு அழகாக இருக்கும். பிறகு அந்த விளிம்பில் ஒரு தட்டு பட்டதும் படலம் பெயர, அதோடு பெயின்ட்டும் உரிந்து வரும். உள்ளே நுழையும் ஈரம் துருவாக ஓடும். ஆசிட் தொட்டியில் முக்கினாலும் சாதாரணச் சுத்திகரிப்பில் இந்தப் படலம் முழுதாகப் போவதில்லை. தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு பேனல் போர்டு பட்டறையில் விளிம்பு தேய்க்கவே இரண்டு ஆள் நிற்கிறார்கள் என்றால், அந்தச் சம்பளத்தையும் ஆக்சிஜன் செலவோடு கூட்டிப் பாருங்கள். 2 மி.மீ. எம்.எஸ்.ஸை நைட்ரஜனிலோ காற்றிலோ வெட்டுவது பல இடங்களில் அப்போது மலிவாகத் தெரியும்.

கோயம்புத்தூர் கிரைண்டர் தயாரிப்பாளர்களுக்கு எஸ்.எஸ். பாடி வெட்டிக் கொடுக்கிறீர்கள் என்றால் நைட்ரஜனைத் தவிர வேறு பேச்சுக்கு இடமில்லை. விளிம்பு வெள்ளிபோல் மின்ன வேண்டும். மாவு படும் இடத்தில் கருப்பு இருக்கக் கூடாது. அந்தத் தகட்டின்மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தையும் கவனியுங்கள். சாதாரணப் படலம் வாயு அழுத்தத்தில் குமிழ்விட்டு எழும்பி, தலையைத் தட்டும். லேசருக்கென்றே வரும் படலம் கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால், குறைந்த வாட்டில் அதே பாதையில் ஒருமுறை ஓட்டிப் படலத்தை மட்டும் எரித்துவிட்டு, இரண்டாவது ஓட்டத்தில் தகட்டை வெட்டுங்கள்.

எத்தனை கிலோவாட்?

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். கடந்த ஓராண்டு இரும்பு வாங்கிய பில்களை எடுத்து, ஒவ்வொரு தடிமனிலும் எத்தனை டன் வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலான பட்டறைகளில் முக்கால்வாசிக்கு மேல் 16 கேஜுக்கும் 6 மி.மீ.க்கும் நடுவில் விழும். எப்போதோ வரும் 20 மி.மீ. பேஸ் பிளேட்டுக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. அதை வெளியே ஜாப் ஒர்க்காக வெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

3 கிலோவாட் இயந்திரம் ஆக்சிஜனில் 20 மி.மீ. எம்.எஸ். வெட்டும் என்று அட்டவணை சொல்லலாம். வெட்டவும் செய்யும். ஆனால் ஷிஃப்ட் முழுக்க, சாதாரணச் சந்தைத் தகட்டில், ஒரே தரத்தோடு வெட்ட 12 மி.மீ. வரை நம்பலாம் என்பது என் கணிப்பு. அட்டவணையின் மேல்முனைக்கும் அன்றாட உற்பத்திக்கும் நடுவில் எப்போதும் ஓர் இடைவெளி உண்டு. அதை விட்டுக் கணக்கிடுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக்சிஜனில் வெட்டும்போது வேகத்தை இரும்பு எரியும் வேகமே கட்டுப்படுத்துகிறது. 6 மி.மீ. எம்.எஸ்.ஸில் 3 கிலோவாட்டை 6 ஆக்கினாலும் வேகம் இரட்டிப்பாகாது, கொஞ்சம்தான் ஏறும். அதே தகட்டை நைட்ரஜனிலோ காற்றிலோ வெட்ட முடிகிற அளவு வாட் இருந்தால்தான் வேகம் பாயும். ஆகவே அதிக வாட் வாங்குகிறவர், அதற்கு ஈடான கம்ப்ரெஸருக்கோ நைட்ரஜனுக்கோ சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். பெரிய லேசரை வாங்கி ஆக்சிஜனிலேயே ஓட்டினால் கூடுதல் வாட் பெரும்பாலும் சும்மா கிடக்கும்.

குழாய்

தகடு வெட்டும் லேசர் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். குழாய் வெட்டும் லேசரின் பலன் அதைவிடப் பெரியது என்பது என் உறுதியான எண்ணம். காரணம், குழாய் வேலையில்தான் அடுத்த மேசையின் சுமை அதிகம்.

மருத்துவமனைக் கட்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய முறையில் சாப்சாவில் குழாயைத் துண்டு போடுவார்கள். டேப் பிடித்து மார்க்கிங், சென்டர் பஞ்ச், பிறகு டிரில்லிங். வட்டக் குழாய் இன்னொரு வட்டக் குழாயின் மேல் உட்கார வேண்டிய இடத்தில் கிரைண்டரால் மீன்வாய் போலக் குடைவார்கள். ஜிக்கில் பொருத்தி டேக் அடித்து, மூலைக்கு மூலை அளந்து, கோணல் இருந்தால் சுத்தியலால் தட்டிச் சரிசெய்து, அதன்பிறகு முழு வெல்டிங். இதில் சேரும் இடைவெளிகளை எல்லாம் வெல்டர்தான் நிரப்ப வேண்டும். நல்ல வெல்டர் நிரப்பிவிடுவார். நிரப்பிய இடம் இழுத்துக்கொண்டு சட்டம் முறுக்கும்.

குழாய் லேசர் இந்த வரிசையை ஒரே ஏற்றத்தில் முடிக்கிறது. மீன்வாய் வெட்டும் துளைகளும் நீளமும் ஒன்றாக வந்துவிடும். மேலும் மூன்று காரியங்களைச் செய்ய முடியும். ஒரு குழாயின் முனையில் சிறிய நாக்கும், அது சேரும் குழாயில் அதற்கேற்ற துவாரமும் வெட்டிவிட்டால் சட்டம் தன்னைத்தானே பொருத்திக்கொள்ளும். பெரிய ஜிக் தேவைப்படாது. துவாரத்தை நாக்கின் தடிமனைவிடப் பக்கத்துக்கு 0.1 மி.மீ. கூட்டி ஆரம்பியுங்கள். 2 மி.மீ. நாக்குக்கு 2.2 மி.மீ. துவாரம். உங்கள் குழாயில் இறுக்கமாக இருந்தால் சற்றுக் கூட்டுங்கள். இரண்டாவது, சதுரக் குழாயில் மூன்று சுவர்களை ‘வி’ வடிவில் வெட்டி, வெளிச்சுவரை மட்டும் விட்டுவைத்தால், கையாலேயே மடித்து மூலை உண்டாக்கலாம். நாலு துண்டு சேர்த்துச் செய்யும் சட்டம் ஒரே குழாயில் முடிந்துவிடும். சேர்க்க வேண்டிய முனை ஒன்றுதான் மிச்சம். மூன்றாவது, தனித்தனிப் பாகங்களின் எண்ணையும், எது எங்கே சேர வேண்டும் என்ற கோட்டையும் லேசராலேயே மெல்லக் கீறிவிடலாம். புதிதாக வந்த ஆளும் வரைபடம் விரிக்காமல் பொருத்துவார்.

இதற்குக் குழாயும் ஒழுங்காக இருக்க வேண்டும். கடையில் வரும் ஆறு மீட்டர் சதுரக் குழாயில் வளைவு இருக்கும், முறுக்கலும் இருக்கும். மூலை ஆரம் லாட்டுக்கு லாட் மாறும். தொட்டு அளந்து நடுவைக் கண்டுபிடிக்கும் வசதி இயந்திரத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் எதிரெதிர்ச் சுவர்களில் போட்ட துளைகள் நேருக்கு நேர் வராது, போல்ட் நுழையாது. இ.ஆர்.டபிள்யூ. குழாயின் உட்புறம் வெல்டிங் தையல் மேடாக ஓடும். நாக்கு துவாரம் அந்த மேட்டில் விழுந்தால் பொருத்தம் கெடும்; ‘வி’ மடிப்பின் வெளிச்சுவரில் வந்தால் விரியும் அபாயமும் உண்டு. தையலைக் கேமராவால் கண்டு திருப்பிக்கொள்ளும் இயந்திரங்கள் வருகின்றன. இல்லையென்றால் ஏற்றும் ஆள் தையலை எப்போதும் ஒரே பக்கம் வைத்து ஏற்றப் பழக வேண்டும்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள் இருக்கிற பொருள்களில், உதாரணமாக ஜிம் கருவிகளில், இன்னொரு சிக்கல் வரும். மேல்சுவரை வெட்டும்போது தெறிக்கும் உருகிய துளிகள் எதிர்ச்சுவரின் உள்ளே ஒட்டிக்கொள்ளும். உட்குழாய் நழுவாது. வாங்கும் முன் சாம்பிள் வெட்டும்போதே உள்ளே விரல் விட்டுப் பாருங்கள், கையுறையோடு.

கடைசியாக, வால். இரண்டு சக் வைத்த இயந்திரம் குழாயின் கடைசிப் பகுதியைப் பிடித்திருக்க வேண்டியிருப்பதால், அந்தத் துண்டை வெட்ட முடியாது. 50 க்கு 50, 2 மி.மீ. குழாய் மீட்டருக்குச் சுமார் 3 கிலோ. வால் 200 மி.மீ. என்றால் குழாய்க்கு 600 கிராம். மாதம் 500 குழாய் ஓடினால் 300 கிலோ இரும்பு ஸ்கிராப் விலைக்குப் போகிறது. மூன்று சக் வைத்த இயந்திரங்கள் இந்த வாலை ஏறக்குறைய இல்லாமல் செய்கின்றன, விலை கூடுதல். உங்கள் மாதக் குழாய்க் கணக்கைப் போட்டால் எது வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தகடும் குழாயும் ஒரே இயந்திரத்தில் வெட்டும் கலப்பு வகையும் உண்டு. ஒன்று ஓடும்போது மற்றொன்று நிற்கும். குழாய் வேலை மொத்தத்தில் கால்பங்குக்குக் குறைவாக இருக்கும் சிறு பட்டறைக்கு இது போதும். அதைத் தாண்டினால் தனிக் குழாய் இயந்திரத்துக்குத்தான் போக வேண்டும்.

வரைபடம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது

வாடிக்கையாளர் அனுப்பும் டி.எக்ஸ்.எஃப். கோப்பை அப்படியே இயந்திரத்துக்கு அனுப்பாதீர்கள். கோட்டின்மேல் கோடு இரட்டையாகக் கிடக்கும். இயந்திரம் ஒரே பாதையை இரண்டுமுறை வெட்டும். மூலைகள் மூடாமல் இருக்கும். அங்குலத்தில் வரைந்தது மில்லிமீட்டராக வந்து நிற்கும். ஒரு நீளத்தை அளந்து பார்த்துவிட்டு, மொத்தப் பாகத்தின் எடையையும் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். இந்தச் சோதனை ஒரு தகட்டைக் காப்பாற்றும்.

துளை விட்டம் பிளேட்டின் தடிமனுக்குக் குறையாமல் இருந்தால் நல்ல துளை வரும். 10 மி.மீ. பிளேட்டில் எம்6 டேப்புக்கு 5 மி.மீ. துளையை லேசரில் போட்டால் மேலும் கீழும் அளவு மாறும், விளிம்பும் கடினப்பட்டிருக்கும், டேப் உடையும். அங்கே லேசரால் ஒரு புள்ளி மட்டும் குறித்துவிட்டு டிரில்லிங்குக்கு அனுப்புங்கள். அடுத்த மேசையில் நிற்பவரின் டேப்பும் உங்கள் காசுதான்.

வளைக்கும் பாகமென்றால், விரித்த நீளத்தை எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டாம். உங்கள் தகட்டில் 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டையை லேசரில் வெட்டி, உங்கள் பிரஸ் பிரேக்கில், உங்கள் டையில் 90 டிகிரி வளைத்து இரண்டு பக்கத்தையும் அளந்து கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையில் 100-ஐக் கழித்தால் வருவதுதான் அந்தத் தடிமனுக்கு உங்கள் கழிவு. 1.2, 1.6, 2, 3, 5 மி.மீ. என்று ஒவ்வொன்றுக்கும் செய்து சுவரில் ஒட்டி வையுங்கள். புது இயந்திரம் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

தகட்டில் பாகங்களை அடுக்கும் நெஸ்டிங்கில் மென்பொருள் நன்றாகவே உதவும். 2500 க்கு 1250, 3 மி.மீ. எம்.எஸ். தகடு சுமார் 73.6 கிலோ. பயன்பாட்டை 70 சதவீதத்திலிருந்து 80-க்கு உயர்த்தினால் ஒரு தகட்டுக்கு ஏழு கிலோவுக்கு மேல் மிச்சம். ஆனால் பாகங்களை நெருக்கி அடுக்கும் ஆசையில் சிறு துண்டுகளைச் சாய விடாதீர்கள். சாய்ந்து நிமிர்ந்து நிற்கும் துண்டில் தலை மோதினால் செராமிக் வளையத்தோடு போகலாம், தலையோடும் போகலாம். சிறு துண்டுகளைத் தகட்டோடு நூலளவு ஒட்டவைக்கும் மைக்ரோ ஜாயின்ட் கொடுங்கள்.

விலை சொல்லும்போது மீட்டர் கணக்கோடு துளைக் கணக்கையும் சேருங்கள். ஒவ்வொரு துளைக்கும் இயந்திரம் நின்று, துளைத்து, நகர வேண்டும். நானூறு துளை இருக்கும் தகட்டை மீட்டர் விலையில் மட்டும் சொல்லியிருந்தால் அன்றைய நேரம் முழுக்க வாடிக்கையாளருக்கு இனாம்.

விளிம்பு பேசும்

நல்ல ஆபரேட்டர் திரையைவிட வெட்டிய விளிம்பைத்தான் அதிகம் பார்ப்பார். ஆக்சிஜனில் வெட்டிய எம்.எஸ். விளிம்பில் மெல்லிய கோடுகள் நெருக்கமாக, ஏறக்குறைய நேராக இறங்க வேண்டும். கீழே போகப்போகப் பின்னால் சாய்ந்தால் வேகம் அதிகம். மூலைகள் கரைந்து, அகலமான பள்ளம் விழுந்தால் வேகம் குறைவு, அல்லது தகடு சூடேறிவிட்டது. நைட்ரஜனில் வெட்டிய எஸ்.எஸ். விளிம்பு மஞ்சளடித்தால் வாயுவில் காற்று கலக்கிறது. சுற்றிலும் கெட்டியான பர் நின்றால் ஃபோகஸையும் அழுத்தத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பர் வந்தால், கதிர் நாஸிலின் நடுவில் இல்லை.

அந்த நடுவைப் பார்க்க எளிய வழி உண்டு. நாஸிலின் வாயில் ஒளிபுகும் டேப் ஒட்டி, கதவை மூடி, குறைந்த வாட்டில் ஒரே ஒரு துடிப்பு விடுங்கள். டேப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் நாஸிலின் வட்ட அச்சும் உள்ளே எரிந்த புள்ளியும் தெரியும். புள்ளி வட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். நாஸில் மாற்றும்போதெல்லாம் இதைச் செய்யப் பழக்குங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடியை மாற்றும்போது ஃபேனை நிறுத்துங்கள், கையைக் கழுவுங்கள், திறந்த வாயை உடனே டேப்பால் மூடுங்கள். ஏர் கன்னால் ஊதவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு எரிந்து கண்ணாடி சூடேறினால் ஃபோகஸ் நகரும். காலையில் நன்றாக வெட்டிய 10 மி.மீ. பிளேட் அரை மணி கழித்து வெட்டாமல் போவதற்குப் பல நேரம் காரணம் இதுதான்.

நம் ஊர் வெக்கை

சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் லேசர் வைப்பவர்கள் தனியே கவனிக்க வேண்டியது பனித்துளி. பட்டறையில் 34 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுமார் 28 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் பூக்கும். லேசரைக் குளிர்விக்கும் நீர்ச் சில்லரை 22 டிகிரியில் வைத்தால் லேசர் சோர்ஸுக்குள், ஃபைபர் செருகும் இடத்தில், அந்த நீர் பூக்கும். எரிந்துபோவது இயந்திரத்தின் மிக விலையுயர்ந்த பாகம். சோர்ஸை ஏ.சி. போட்ட சிறு அறைக்குள் வையுங்கள். காலையில் முதலில் ஏ.சி.யை ஓடவிட்டு, ஈரம் இறங்கியபின் சில்லரைப் போடுங்கள். தயாரிப்பாளர் அனுமதிக்கும் எல்லைக்குள் நீரின் வெப்பநிலையை உயர்த்தி வையுங்கள். இரவில் நிறுத்தும்போது சில்லரையும் நிறுத்துங்கள். அதில் ஊற்றுவது டி.எம். வாட்டராகவோ டிஸ்டில்டு வாட்டராகவோ இருக்கட்டும். போர் தண்ணீர் வேண்டாம். தனி எர்த் குழியும் சர்வோ ஸ்டெபிலைசரும் இல்லாமல் இயந்திரத்தை இறக்கவே வேண்டாம்.

கண்

1.07 மைக்ரான் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண் வழியாக நேரே விழித்திரைக்குப் போய்க் குவியும். வலிக்கவும் வலிக்காது. தகட்டில் பட்டுத் தெறிக்கும் ஒளியே பார்வையைப் பறிக்கப் போதும். மூடி இல்லாத, திறந்த மேசை இயந்திரங்கள் விலை குறைவு என்பதற்காக வாங்கப்படுகின்றன. இதைப் படிக்கும் முதலாளிகளிடம் கேட்டுக்கொள்கிறேன்: மூடிய கூண்டு உள்ள இயந்திரத்தையே வாங்குங்கள். ஏற்கெனவே திறந்த இயந்திரம் இருந்தால், சுற்றிலும் தகட்டால் அடைத்து, கதவில் இன்டர்லாக் போடுங்கள். வெல்டிங் கண்ணாடியையோ கூலிங் கிளாஸையோ நம்பக் கூடாது; அலைநீளமும், ஒளியை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஓ.டி. எண்ணும் அச்சிட்ட லேசர் கண்ணாடிதான் வேண்டும். அவசரத்துக்காக இன்டர்லாக்கைக் கம்பி கட்டி ஏமாற்றும் பழக்கத்தை எந்த டெலிவரி நெருக்கடியிலும் அனுமதிக்காதீர்கள்.

ஜி.ஐ. வெட்டும்போது வரும் துத்தநாகப் புகை ஜுரம் தரும், எஸ்.எஸ். புகை அதைவிடக் கெட்டது. புகையை உறிஞ்சி வடிகட்டும் யூனிட் கூடுதல் வசதி அல்ல, இயந்திரத்தின் பகுதி. அலுமினியத் தூசு தீப்பிடித்து வெடிக்கக்கூடியது. இரும்புத் தூசு சேரும் அதே பையில் அதைச் சேர்க்காதீர்கள். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படக் கூடாது. நைட்ரஜன் கசிந்தால் மூடிய அறையில் மூச்சு நின்றுவிடும்; வாசனையே வராது.

வாங்கப் போகும்போது

டெமோவுக்கு உங்கள் தகட்டையும் உங்கள் குழாயையும் எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் வைத்திருக்கும் பளபளப்பான தகட்டில் எல்லா இயந்திரமும் நன்றாக வெட்டும். ஒரு சதுரம் வெட்டிக் காட்டினால் போதாது; முழுத் தகடு வெட்டச் சொல்லி, கடைசிப் பாகத்தையும் முதல் பாகத்தையும் வெர்னியரில் அளந்து ஒப்பிடுங்கள். லேசர் சோர்ஸ் யாருடையது என்று தனியே கேளுங்கள். அமெரிக்காவின் ஐ.பி.ஜி., சீனாவின் ரேகஸ், மேக்ஸ் என்று பல உண்டு. இயந்திரத்தின் வாரன்டியும் சோர்ஸின் வாரன்டியும் வேறுவேறாக இருக்கும். வெட்டுத்தலை, கன்ட்ரோலர், மென்பொருள் உரிமம் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் வாங்குங்கள். சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரில் இருக்கிறார், பாதுகாப்புக் கண்ணாடியும் நாஸிலும் எங்கே ஸ்டாக் இருக்கிறது என்று கேளுங்கள். அதே இயந்திரத்தை இரண்டு ஆண்டாக ஓட்டும் ஒரு பட்டறைக்குப் போய், முதலாளியிடம் பேசிவிட்டு ஆபரேட்டரிடமும் தனியே பேசுங்கள். முடிந்தால் அங்கே வெல்டிங் மேசைப் பக்கமும் போய், கிரைண்டர் எத்தனை ஓடுகிறது என்று பாருங்கள். கிரைண்டர் சத்தம் குறைந்திருக்கும் பட்டறையின் இயந்திரத்தை நம்பி வாங்கலாம்.